அன்னம்மாளின் தலைப்பூ

ஜூன் 28, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வெளியே வரும்போது ஊர்முறையில் எனக்கு அண்ணியாகிற மரியசெல்வம் மைனி என் முந்தானையைப் பிடித்துத் தூணோரம் இழுத்தாள்.

"இந்த வருசம் அன்னம்மாளுக்குப் பட்டு நீதான் மாத்தணும் அமலி."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நாற்பது வருஷமாக அந்த வேலை அவளுடையது. ஆறு பிள்ளை பெற்றவள். எங்கள் ஊரில் அன்னம்மாள் படத்தைத் தொட்டு வேலை செய்யப் பெற்றவள் கைதான் வேண்டும் என்பது வழக்கம். நான் கல்யாணமே ஆகாதவள், ஐம்பத்து நாலு வயசு, தையல்காரி.

"மைனி, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு முட்டு ஆபரேசனுக்கு நாகர்கோயில்ல தேதி குடுத்துட்டான். ஏணியில ஏற முடியாது. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. புதுப்பட்ட மேல போட்டுட்டு, பழசக் கீழ உருவிரணும். படம் ஒரு நிமிசம்கூட வெறுமையா நிக்கக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

படத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகும். இடது பீடத்தில் இருக்கும் எண்ணெய் ஓவியம், ஒரு கதவு அளவு இருக்கும். இத்தாலியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வரைந்ததைப் பார்த்து வரைந்த நகல் என்றும், அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தார் என்றும் சொல்வார்கள். ஒரு பெண் தலை குனிந்து புத்தகம் படிக்கிறாள். ஒரு கை கன்னத்தில். புத்தகத்துக்குக் கீழே படம் தெரியாது, கம்பியில் மாட்டிய பட்டுத் துணி மூடித் தொங்கும். மாதாவின் தாய் அன்னம்மாள், மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். குழந்தை மாதா தாயின் முழங்காலோரம் பட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் பட்டின்மேல் ஒரு சரிகைப்பூ வைத்துத் தைப்பது முறை. அதுதான் தலைப்பூ. பிள்ளைத்தாச்சிகள் அந்தப் பூவைத் தொட்டு வயிற்றில் கை வைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள்.

பன்னிரண்டு வருஷமாகப் பூவைத் தைத்துக்கொடுப்பது நான்தான். பழைய பட்டின் அளவு வரும், அதே இடத்தில் தைப்பேன். பீடத்தில் ஏறியதில்லை.

ஜூலை 1, புதன்

செலஸ்டின் அண்ணன் சென்னையிலிருந்து போன் பண்ணினார். அவர் மகள் ரெஜினாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அண்ணி இறந்து ஆறு வருஷமாகிவிட்டதால் வீட்டில் பெண் துணை கிடையாது.

"தாயில்லாப் பிள்ளை அமலி. பேறுகாலம் பாக்கணும், அப்புறம் அவ வேலைக்குப் போனா குழந்தையப் பாக்கணும். நீ அங்க தனியாத்தானே கெடக்க? வீட்டப் பூட்டிட்டு வந்துரு. பிள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருந்தா போதும்."

பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிஃபார்ம் தைக்கிற வேலை மலைபோல் கிடக்கிறது என்றேன். தையல் மிஷினைச் சென்னைக்கே கொண்டுவரலாம் என்றார். கிணற்று மோட்டார் ரிப்பேர் என்றேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

ரெஜினா என்றால் எனக்கு உயிர். அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மத்தியானம் வழக்கம்போல் மிஷினை மூடி, கருப்பட்டிக் காப்பி போட்டு, லைப்ரரிப் புத்தகத்தைப் பிரித்தேன். நாலு மணி வரை ஒரு குருவி கூடக் கூப்பிடவில்லை.

ஜூலை 4, சனி

புள்ளிக்கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. இந்த நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது?

ஜூலை 8, புதன்

போன திருவிழாவில் வேண்டிக்கொண்டு இரட்டைப்பிள்ளை பெற்ற ஜெனிட்டா இந்த வருஷத்துப் பட்டைக் கொண்டுவந்தாள். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. வெட்டவே மனசு வராத துணி.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் ரோஸ்லின், நான் வருவது தெரிந்தே சத்தமாகச் சொன்னாள்: "பிள்ள பெறாத கையால பட்டா? அன்னம்மா என்னமா பொறுப்பா?"

குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கொஞ்சம் அழுதேன், எழுதுவதற்கென்ன வெட்கம்.

சாயந்திரம் மரியசெல்வம் மைனி கம்பை ஊன்றிக்கொண்டே ரோஸ்லின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "உம் பிள்ளைக அஞ்சும் யாரு தச்ச சட்டையப் போட்டுட்டு வளந்துச்சு? அப்பம் இந்தக் கை தீட்டில்லயா?" என்று வாசலில் நின்று கேட்டாளாம். சாமியாரிடமும் புகார் போயிருக்கிறது. அவர் மலைப்பக்கத்து ஊர்க்காரர், இளவயசு. எந்தக் கை மாற்றினாலும் பட்டு கிழியாமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூலை 11, சனி

மைனி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீ சில நாள் மத்தியானத்துல வந்து அவ முன்னாடி உக்காந்திருப்பியே, நான் பாத்திருக்கேன்" என்றாள். அதற்கென்ன, இடது பீடத்து முன்னால் காற்று நன்றாக வரும்.

ஜூலை 15, புதன்

நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நாளை மறுநாள் கொடியேற்றம். மத்தியானம், கோயில் சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை வெளிக்கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். பீடத்துத் திரையை இழுத்து மூடி, ஏணி போட்டு ஏறினேன். மைனி சொன்னபடி புதுப்பட்டை மேலே போட்டுவிட்டுப் பழையதை உருவப் பார்த்தேன். வரவில்லை. மெழுகுதிரிப் புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து, பட்டு மாட்டியிருக்கும் பித்தளைக் கம்பியோடு ஒட்டிக்கிடந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஆணி துருப்பிடித்திருக்கிறது போலும். கம்பி, பழசு, புதுசு எல்லாம் சேர்ந்து என் தலையில் விழுந்தன.

துணியை விலக்கிவிட்டு நிமிர்ந்தால், படம் முழுசாக நிற்கிறது.

முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை மாதாவைப் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டுமே என்ற பயம். பிறகு, தையல்காரி இல்லையா, கம்பியை எங்கே மாட்டுவது என்று பார்க்க வேண்டியிருந்ததால் திறந்தேன்.

குழந்தை இல்லை.

பாறையடியில், சிவப்புப் போர்வையை மடித்துப் போட்டு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பில்லாத பாதம் ஒன்று வெளியே தெரிகிறது. கூந்தல் அவிழ்ந்து இடுப்புவரை கிடக்கிறது. இடது பக்கம் மூடி போட்ட ஒரு வெள்ளைச் சிமிழ். வலது பக்கம் புத்தகத்தின் நிழலில், சரியாகத் தலைப்பூ வருகிற இடத்தில், ஒரு மண்டை ஓடு.

அளவு பார்த்தேன். தப்பே இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் பூ தைத்தது அதன் நெற்றியின்மேல்தான்.

ஏணியிலிருந்து இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊர்ப் பெண்கள் இத்தனை பேர் தொட்டது இதையா? என்னைச் சுமக்கும்போது என் அம்மாவும் தொட்டிருக்கிறாள். அதனால்தான் நான் இப்படியோ என்று ஒரு நினைப்பு வந்து, பயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்தது. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்க்கிற முகம்தான். மகளுக்குப் பாடம் சொல்கிற தாய் என்று நினைத்துப் பார்த்தபோது கொஞ்சம் களைத்த மாதிரி தெரியும். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்து பார்த்தால் களைப்பும் இல்லை, துக்கமும் இல்லை. யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கோயில்பிள்ளை வரும் சத்தம் கேட்டது. அவசரமாகக் கம்பியை மாட்டிப் பழைய பட்டையே தொங்கவிட்டேன். புதுசில் தையல் பிரிந்திருக்கிறது, நாளைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 16, வியாழன்

காலைப் பூசைக்குப் பிறகு சாமியார் வாலிபால் வலை கட்டிக்கொண்டிருந்தார். கொடியேற்றத்தையொட்டி இளைஞர்களுக்குப் போட்டி.

"சாமி, படத்துல ஒரு சிமிழும் மண்டை ஓடும் இருந்தா அது யாரு?"

"மரிய மதலேனம்மா. ஆண்டவர் பாதத்துல தைலம் பூசினவங்கன்னு சிமிழ் வைப்பாங்க. மண்டை ஓடு, சாவை நினைச்சுத் தியானம் பண்றதுக்கு. கடைசிக் காலத்துல ஒரு குகையில முப்பது வருசம் தனியா இருந்தாங்கன்னு ஒரு கதை உண்டு."

"முப்பது வருசம் தனியா என்ன செஞ்சாகளாம்?"

"படிச்சாங்க, ஜெபிச்சாங்க, சும்மா இருந்தாங்க."

"கஷ்டமா இருந்திருக்காதா சாமி?"

"கஷ்டமா இருந்தா முப்பது வருசம் இருப்பாங்களா?" என்று சிரித்தவர், வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கோயிலின் இடது பக்கத்தைப் பார்த்தார். "ஏம்மா கேக்குறீங்க?"

"சும்மாதான் சாமி."

"எனக்கு நாளைக்கு நூறு வேலை இருக்கும்மா. நீங்க எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல" என்று வலையின் அடுத்த முனைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பட்டை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரைக் கூட்டிச் சொல்லலாம். சொன்னால் தொட்டவர்கள் எல்லாம் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். படத்தை யாராவது கழற்றித் தூத்துக்குடி ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமலும் இருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் கொழுகொழுவென்றுதான் பிறந்திருக்கின்றன. ஆனால் திருவிழாவுக்கு அண்ணனோடு ரெஜினாவும் வருகிறாள். தெரிந்துகொண்டே என் மருமகள் கையை ஒரு மண்டை ஓட்டின்மேல் வைக்க விடுவேனா?

மத்தியானம் கத்திரியை எடுத்து, புதுப்பட்டில் ஏற்கெனவே தைத்திருந்த பூவைப் பிரித்தேன். ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி, சிமிழ் இருக்கிற இடத்தில் வைத்துத் தைத்தேன். தைலம் நல்லது. பேறுகாலத்துக்குத் தைலத்தைவிட வேறென்ன வேண்டும்? பழைய தையல் தடம் தெரியாமல் சூடு வைத்துத் தேய்த்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, கண்டுபிடிக்கவே முடியாது. சாயந்திரம் போய் மாட்டிவிட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

கொடி ஏறியது. வேட்டுச் சத்தத்தில் கோழி முட்டையை விட்டு எழுந்துவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

திரை விலக்கியதும் பெண்கள் கூட்டம் முட்டியது. ரோஸ்லின் கண்ணுக்குத் தப்புமா?

"ஏட்டி! தலைப்பூ இடம் மாறிக் கெடக்கு!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சொல்ல ஒரு பொய்கூட நான் தயார்பண்ணி வைக்கவில்லை.

முன் வரிசையில் இருந்த சூசையம்மாக் கிழவி, காது கேட்காதவள், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ள நகந்து உக்காந்திருக்கா. எத்தன வருசம்தான் ஒரே எடத்துல குந்தியிருப்பா? கால் மரத்துப் போகாதா?"

அவ்வளவுதான். ஒருத்தி குலவை போட்டாள். ஒருத்தி அழுதாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் குழந்தை மாதா நகர்ந்து உட்கார்ந்த செய்தி அடுத்த ஊருக்குப் போய் அங்கிருந்து வேன் பிடித்து ஆள் வந்துவிட்டது. சாமியார் மறையுரையில் இரண்டு தடவை கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரியும்.

ரோஸ்லின் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "உங் கைராசி அமலிக்கா. இவளுக்கும் ஒரு நல்லத சொல்லி வேண்டிக்க." குழாயடிப் பேச்சு அவளுக்கு மறந்தே போயிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை, ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

அண்ணன் போன். 28ஆம் தேதி ரயிலில் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாராம். "கோழிய யாருக்காவது குடுத்துரு."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு ஒரு சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவைத்தேன்.

ஜூலை 22, புதன்

இன்று மரிய மதலேனம்மாள் திருநாள். அன்னம்மாள் நவநாளின் நடுவில் வருவதால் எங்கள் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. சாமியார் பூசையில் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பார்த்தார். மத்தியானம் போய் இடது பீடத்தில் தனியாக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். "ஊரெல்லாம் வேற பேரச் சொல்லிக் கூப்பிடுது, நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க" என்றேன். அவள் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஜூலை 24, வெள்ளி

அண்ணனும் ரெஜினாவும் வந்துவிட்டார்கள். வயிறு முன்னே வர, பின்னால் ரெஜினா வந்தாள். கன்னம் பூரித்து அவள் அம்மா மாதிரியே இருக்கிறாள். நெத்திலி வறுத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மூன்று தடவை சோறு கேட்டாள்.

சாப்பிட்டதும் அண்ணன் கடற்கரைப் பக்கம் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போனார். நான் புத்தகத்தோடு உட்கார, ரெஜினா பக்கத்தில் பாயில் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அத்தை, தினமும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"அப்பா நீங்க இங்க தனியாக் கஷ்டப்படுறீங்கன்னு சொன்னாரு."

நான் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பூவைத் தொட்டாள், வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் வேண்டினாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது, சொல்லமாட்டாள்.

"குழந்தை மாதா முகம் எப்படி இருக்கும் அத்தை? நீங்கதானே பட்டு மாத்தினீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பட்டின் இடது ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடித்தேன். சிமிழும் பாதமும் அவிழ்ந்த கூந்தலும் தெரிந்தன. வலது ஓரத்தைத் தூக்கவில்லை. அது அவளுக்கு இப்போது வேண்டாம்.

"பிள்ளை எங்கே?"

"இல்ல."

"அப்ப இது யாரு?"

"மதலேனம்மா. நீ தொட்டது அவ தைலச் சிமிழ. பயப்படாத, நல்லதுதான்."

"தனியாவா இருக்கா?"

"ஆமா."

"அழுறாளா?"

"நீயே பாரு."

ரெஜினா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அழல அத்தை. நல்லா இருக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மத்தியானம் இருந்த மாதிரி இருக்கா" என்றாள்.

பட்டைக் கீழே விட்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜூலை 26, ஞாயிறு

திருவிழா நல்லபடியாக முடிந்தது. சப்பரம் கடற்கரை வரை போய் வந்தது.

காலையில் மூன்று முட்டை பொரிந்திருந்தது, சாயந்திரத்துக்குள் எட்டு. ரெஜினா கூடைக்குப் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சரி, கோழியும் பொரிச்சாச்சு, மோட்டாரும் ஓடுது. இனி என்ன சாக்கு அமலி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் மனசில் கள்ளம் கிடையாது. தங்கை அனாதையாகக் கிடக்கிறாளே என்ற கவலைதான்.

நானும் ஒரு சாக்கைத் தேடினேன். யூனிஃபார்ம் என்று வாய் வரை வந்தது. பிறகு, இது என்ன பிழைப்பு என்று தோன்றியது.

"சாக்கு ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு இங்க நல்லா இருக்கு. தனியா இருக்கது எனக்குப் பிடிச்சிருக்கு."

இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. அண்ணன், நான் ஏதோ வேற்றுமொழியில் பேசிய மாதிரி பார்த்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலையே."

ரெஜினா கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க. அத்தை செப்டம்பர்ல வரட்டும், மூணு மாசம் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துரட்டும். பிள்ளையப் பாக்க ஆள் வச்சுக்கலாம், நான் ஏற்கெனவே விசாரிச்சுட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். செப்டம்பரில் வருகிறேன் என்றேன், இந்தத் தடவை முழு மனசோடு. அந்தக் குழந்தைக்கு முதல் சட்டையை நான்தான் தைப்பேன்.

ஜூலை 29, புதன்

நேற்று இருவரையும் ரயில் ஏற்றிவிட்டேன். வீடு மறுபடி என் வீடாகிவிட்டது.

மத்தியானம் காப்பியோடு உட்காரும்போது மரியசெல்வம் மைனி நாகர்கோயிலிலிருந்து கூப்பிட்டாள். ஆபரேசன் நல்லபடி முடிந்து இரண்டு அடி நடக்கிறாளாம். பிள்ளை நகர்ந்த அற்புதம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பாத்தியா?"

"எதைப் பாக்கணும் மைனி?"

"ஏட்டி, எங்கிட்டயா? நான் நாப்பது வருசமா பாக்கேன். பூவ எங்க கொண்டு வச்ச? சிமிழ் மேலயா?"

"ஆமா மைனி" என்றேன்.

அந்தப் பக்கம் விசும்பல் மாதிரி கேட்டது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"ஒவ்வொருத்தி வந்து தொடும்போதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும் அமலி. யாருகிட்டச் சொல்ல? அவ பிள்ள பெத்து எந்திரிக்கிற வரைக்கும் தினம் அவளுக்குன்னு தனியா ஒரு செபமாலை சொல்லுவேன். ஊருல உள்ள அம்புட்டு பிள்ளைக்கும் சொன்னேன். முட்டு போனதே அப்படி முட்டி போட்டுத்தான். ஒரு முழம் தள்ளித் தச்சாப் போதும்னு இந்தப் புத்திக்குத் தோணிச்சா பாரு!"

சிரித்துச் சிரித்து எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. போனை வைத்த பிறகு புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். குஞ்சுகள் வாசலில் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. நாலு மணி வரை படித்தேன்.